பெயர் ஒட்டாத பாட்டில்

1

இந்த மே மாதத்தோடு ஓர் உண்ணி என்னைக் கடித்து ஐந்து வருடம் முடிகிறது. கல்யாண நாள், பிறந்த நாள் எல்லாம் மறந்துபோகும் ஆள் நான். இந்த நாள் மட்டும் மறப்பதில்லை.

ஊரில் மாட்டுக்கும் நாய்க்கும் ஒட்டுமே, அந்த ஜாதிதான். இங்கே எள்ளளவில் இருக்கும். நான் பிரான்சின் கிழக்கு ஓரத்தில், காட்டை ஒட்டிய ஒரு சிறு நகரத்தில், நகராட்சித் தோட்டத்தில் வேலை பார்க்கிறேன். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மில் சங்குச் சத்தத்தில் வளர்ந்தவனுக்கும் ரோஜாப் பாத்திக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள வீட்டில் பெண் எடுத்தேன், விமானம் ஏறினேன், கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டேன். புதுச்சேரியில் இப்படி வந்தவர்களை எண்ண ஆரம்பித்தால் விரல் போதாது.

தொடையில் வட்டமாகச் சிவந்திருந்ததைப் படர்தாமரை என்று நினைத்துக் களிம்பு தடவினேன். இரண்டு மாதம் கழித்து முட்டி வீங்கியது, தோள் பிடித்துக்கொண்டது, படுக்கையில் திரும்பக்கூட மாலதி கை கொடுக்க வேண்டியிருந்தது. மாலதி என் மனைவி. பரிசோதனையில், உண்ணிக்கடியால் வரும் லைம் நோய் என்று வந்தது. வாரக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். வயிறு கெட்டது, வாய் கசந்தது, வலி மட்டும் போகவில்லை. கிருமி போய்விட்டது, வலி கொஞ்ச காலம் இருக்கும் என்றார் டாக்டரம்மா. கொஞ்ச காலம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். நாள்பட்ட லைம் என்று நானே அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். அவர் அந்தப் பெயரைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அன்றைக்கே இந்த நாட்டு வைத்தியத்தின் மேல் எனக்கு மனசு விட்டுப்போனது. அதன் பிறகு நடந்ததற்கெல்லாம் அங்கேதான் தொடக்கம்.

2

முத்தியால்பேட்டையில் என் அக்கா கௌரி இருக்கிறாள். அப்பா அம்மா போன பிறகு எங்கள் வீட்டில் மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான். போனில் நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "அரியாங்குப்பத்துல ஒரு வைத்தியர் இருக்காருடா தம்பி, மூட்டுவலிக்குப் பொடி குடுக்கறாரு, வாங்கி அனுப்பட்டுமா?" என்று கேட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இங்கே ஒருத்தர் தோளைக் குலுக்குகிறார், அங்கே ஒருத்தி பஸ் பிடித்து ஆற்றைத் தாண்டிப் போகத் தயாராக இருக்கிறாள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கென்று ஒரு தபால் முறை உண்டு. புதுச்சேரியிலிருந்து யார் பிரான்சுக்குக் கிளம்பினாலும் தெருவுக்கே தெரிந்துவிடும். "ஒரு கிலோ எடம் இருக்குமா?" என்று போன் போகும். கொண்டுவருகிறவர் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று கேட்க மாட்டார். கேட்டால் மரியாதை இல்லை. வடாம், ஊறுகாய், பருப்புப் பொடி எல்லாவற்றோடும் பழைய காப்பித்தூள் பாட்டிலில் என் மருந்தும் வரும். அதன் மேல் ஓர் எழுத்தும் இருக்காது.

முதல் இரண்டு பாட்டில் ஒன்றும் செய்யவில்லை என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன். அக்கா மனசு நோகக்கூடாதென்று "பரவால்லக்கா, தேவலை" என்று சொல்லி வைத்தேன். மூன்றாவது பாட்டில்தான் அதிசயம். மூன்றே நாளில் முட்டி வீக்கம் வற்றியது. பசி எடுத்தது. சீட்டியடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். நாட்டு மருந்து மெதுவாகத்தான் பிடிக்கும், பிடித்தால் விடாது என்று கண்டவர்களிடமெல்லாம் அளந்தேன். அடுத்த முறை ஊருக்குப் போனபோது முகம் உப்பி, கன்னம் பளபளவென்று இருந்தது. பிரான்ஸ் சாப்பாடு உடம்பில் ஒட்டிவிட்டது என்றார்கள் தெருவில். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

ஒருத்தி மட்டும் கேள்வி கேட்டாள். என் மகள் நித்யா. லியோனில் படிக்கப் போய் அங்கேயே வேலை தேடிக்கொண்டவள். வருடத்துக்கு இரண்டு முறை வருவாள், வந்தாலும் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். ஒரு நாள் பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல என்ன இருக்குன்னு எங்கேயும் எழுதலியே பப்பா. எழுதாத மருந்தை எப்படிச் சாப்பிடறீங்க?"

"உங்க அத்தை கையால வந்தது. அதுக்கு எழுத்து எதுக்கு?" என்று சத்தம் போட்டேன். இந்தப் பிள்ளைகளுக்கு ரொட்டித் துண்டின் உறையைக்கூட முழுதாகப் படிக்காமல் சாப்பிடத் தெரியாது, இதுகளுக்கு மனிதர்கள் மேல் நம்பிக்கை கிடையாது என்று அன்று முழுக்க மாலதியிடம் பேசித் தீர்த்தேன். மாலதி பாட்டிலை எடுத்து அலமாரிக்குள் தள்ளி வைத்தாள்.

3

தலைசுற்றல் இரண்டாம் வருடம் ஆரம்பித்தது.

எழுந்து நின்றால் கண் இருட்டும். சில நாள் காலையில் வாந்தி வருகிற மாதிரி இருக்கும். குனிந்து களை பிடுங்கிவிட்டு நிமிர்ந்தால் தரை நழுவும். டாக்டரம்மாவிடம் என் தலை சுற்றுகிறது என்றேன். அறை சுற்றுகிறதா, நீங்கள் சுற்றுகிறீர்களா என்றார். நமக்குக் கிறுகிறுப்பு வேறு, மயக்கம் வேறு, கண்ணை இருட்டிக்கொண்டு வருவது வேறு. இருபத்தெட்டு வருடம் இந்த நாட்டில் இருந்தும், இவற்றை அவருடைய மொழியில் தனித்தனியாகச் சொல்ல எனக்கு வரவில்லை. கடைசியில் நாற்காலியிலிருந்து எழுந்து, தள்ளாடி நடித்துக் காட்டினேன். என் வயதுக்கு அது ஒரு கேவலம்.

காதைப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. தலையைப் படம் எடுத்தார்கள், அதிலும் ஒன்றும் இல்லை. ஒரு நரம்பு டாக்டர், கவலை அதிகமோ என்று மாலதியைப் பார்த்துக் கேட்டார். நானோ, லைம்தான் மூளைக்கு ஏறிவிட்டது, இவர்கள் மறைக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். ஒரு நாள் ரோஜாப் பாத்தியில் முகம் குப்புற விழுந்தேன். அதோடு புல்வெட்டும் வண்டியின் சாவியை வாங்கிக்கொண்டு, என்னை நாற்றங்காலில் தொட்டி கழுவ உட்கார வைத்தார்கள்.

வேலையில் வந்த நோய் என்று பதிவு செய்ய ஒரு கட்டு காகிதம் நிரப்பினேன். பிறப்புச் சான்றிதழில் என் பெயர் ஒரு மாதிரி, அப்பா பெயர் இன்னொரு மாதிரி இருக்கிறதென்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். அதில் ஒரு கட்டம்: வேறு என்ன மருந்து எடுத்துக்கொள்கிறீர்கள்? இந்த மாதிரிக் கட்டங்களுக்கு இங்கே ஒரு சொல் உண்டு, 'நெயான்' என்பார்கள். வேறு ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அதை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டாக்டரம்மாவும் ஒவ்வொரு முறையும் அதையேதான் கேட்பார். ஒவ்வொரு முறையும் இல்லை என்பேன். பொய் சொல்வதாகவே எனக்குத் தோன்றவில்லை. பொடியை யாராவது மருந்துக் கணக்கில் சேர்ப்பார்களா? சொன்னால் சிரிப்பார், எங்கள் ஊரைப் பற்றி ஏதாவது நினைப்பார் என்ற பயமும் இருந்தது. அப்போதெல்லாம் மாலதி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருப்பாள். எனக்காகக் கவலைப்படுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

4

டாக்டரம்மா விடாப்பிடியான மனுஷி. அதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஒரு நாள் என்னைப் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார். உடனே நிற்கவைத்துப் பார்த்தார். நின்றதும் அழுத்தம் சட்டென்று இறங்கியிருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கச் சொன்னார்.

முடிவு வந்ததும் அவரே போன் செய்து வரச்சொன்னார். உடம்பு தானாகவே சுரக்க வேண்டிய கார்ட்டிசால் என் ரத்தத்தில் ஏறக்குறைய இல்லவே இல்லையாம். அதே ஜாதி ஸ்டீராய்டு மருந்தை வெளியிலிருந்து நெடுநாள் வாங்கிக்கொண்டிருந்தால் உடம்பு இப்படிச் சுரப்பதை நிறுத்திவிடும் என்றார்.

"எந்த ஸ்டீராய்டு சாப்பிடுகிறீர்கள்?"

"ஒன்றும் இல்லை."

"ஐயா, மூன்று வருடமாக இதே பதிலைச் சொல்கிறீர்கள். உங்கள் ரத்தம் வேறு பதில் சொல்கிறது."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன். அப்போதுதான் பாட்டிலைப் பற்றிச் சொன்னேன். எத்தனை ஸ்பூன், எத்தனை நாளாக என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு எழுதிக் கொடுத்தார்: அளவு தெரிந்த மாத்திரை, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, சட்டைப் பையில் எப்போதும், ஸ்டீராய்டு எடுக்கிறவன் என்று சொல்லும் ஓர் அட்டை.

தலைசுற்றல் வந்த நாட்களை ஒரு நோட்டில் எழுதச் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்து அந்த நோட்டைச் சமையலறைக் காலண்டர் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஊரிலிருந்து யார் எப்போது வருகிறார்கள் என்று மாலதி அதில் வட்டம் போட்டு வைப்பாள். ஒவ்வொரு வட்டத்துக்கும் முந்தைய இரண்டு மூன்று வாரம்தான் எனக்குத் தலை சுற்றியிருக்கிறது. பாட்டில் அடியைத் தொட்டதும், அடுத்த ஆள் வரும்வரை தாக்குப்பிடிக்க, நான் ஒரு ஸ்பூனை அரை ஸ்பூன், கால் ஸ்பூன் என்று இழுத்துப் பிடிப்பேன். ஊறுகாயையும் அப்படித்தான் இழுத்துப் பிடிப்போம். ஊறுகாய்க்கு அது சரி. உண்ணியை மூன்று வருடம் திட்டித் தீர்த்தவன், என்னைச் சுற்றவைத்தது என் சொந்த ஸ்பூன்தான் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அந்த வைத்தியர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. மாத்திரையை இடித்துப் போட்டு நாட்டு மருந்தென்று என் அக்காவை ஏமாற்றியிருக்கிறான். நேரில் போய்க் கேட்பதென்று விடுப்பு எடுத்து டிக்கெட் போட்டேன். "போனாத்தான் தீருமா?" என்றாள் மாலதி. அதற்கு மேல் தடுக்கவில்லை.

5

புதுச்சேரியில் இறங்கிய மறுநாள், அக்காவிடம் ஒன்றும் சொல்லாமல், அரியாங்குப்பத்துக்கு ஆட்டோ பிடித்தேன். பாலத்தைத் தாண்டும்போது என்னென்ன கேட்க வேண்டுமென்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். வைத்தியர் வீட்டு வாசலில் செல்போன் உறைகள் சரம் சரமாகத் தொங்கின. உள்கதவில் பூட்டு. பக்கத்து வீட்டு அம்மாள் தண்ணீர்க் குடத்தோடு நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வைத்தியரையா தேடறீங்க? அவரு போயி மூணு வருஷத்துக்கு மேல ஆவுதே. பையன் போன் கடை வெச்சிக்கினான். மருந்துல்லாம் அவரோட போச்சி."

"இப்போ யாரும் பொடி செஞ்சு தர்றதில்லையா?"

"யாரு செய்வா? எத்தினி பேரு வந்து திரும்பிப் போனாங்க. முத்தியால்பேட்டைலேர்ந்து கூட ஒரு அம்மா வந்துட்டு, இங்கதான் உக்காந்து அழுதுட்டுப் போச்சி."

வந்த ஆட்டோவிலேயே திரும்பினேன். வெயிலில் எனக்குத் தலை சுற்றவில்லை. சுற்றியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அக்கா வைத்திக்குப்பத்தில் காலையிலேயே எனக்காக வஞ்சிரம் வாங்கி வைத்திருந்தாள். பின்கட்டில் மனை போட்டு உட்கார்ந்து துண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அரியாங்குப்பம் போயிட்டு வர்றேன்," என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. "ஓ," என்றாள்.

"வைத்தியர் செத்து மூணு வருஷம் ஆச்சாமே. அதுக்கப்புறம் வந்த பொடியெல்லாம் யாரு செஞ்சது?"

"நான்தான்."

"நீயா?"

"சுக்கு, மெளகு, திப்பிலி, அமுக்கரா, அவரு போடறதெல்லாம் எனக்குத் தெரியும். கூட நம்ம மெடிக்கல்ல குடுக்கற சின்ன வெள்ள மாத்திரை. என் முட்டிக்கு ரெண்டே நாள்ல கேட்டுச்சி. அத இடிச்சிக் கலந்தேன்."

"அது என்னா மாத்திரைன்னு கேட்டியா?"

"வலி மாத்திரைடா. இந்தத் தெருவுல பாதி பேரு அதத்தான் போட்டுக்கினு நடக்கறாங்க."

"என்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

அப்போதுதான் நிமிர்ந்தாள். "சொன்னா சாப்புடுவியா நீ? இங்கிலீஷ் மருந்து கொடலக் கெடுத்துடுச்சின்னு போன்ல நீதான ஒப்பாரி வெச்ச? அந்தப் பொடிதான் தேவலைன்ன. அவரு செத்துட்டாருன்னு எந்த வாயால உன்கிட்ட சொல்றது? கடல் தாண்டிக் கெடக்கறவனுக்கு நான் வேற என்னாடா செய்ய முடியும்?"

டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன், உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றேன். அவள் முகம் வெளிறியது. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, தனக்கு ஒரு சாட்சி இருக்கிறது என்கிற மாதிரிச் சொன்னாள்.

"நானா ஒண்ணும் செஞ்சிடல. மாலதியக் கேட்டுட்டுத்தான் கலந்தேன். அவ சரின்னுதான் சொன்னா. உன்கிட்ட சொல்ல வேணான்னதே அவதான்."

கைப்பையின் ஜிப் திறந்து மூடுகிற சத்தம் எனக்கு அங்கே கேட்டது.

"மீன் ஆறிப்பூடும், வந்து சாப்புடு," என்று அரைமணி கழித்து அக்கா கூப்பிட்டாள். சாப்பிடவில்லை. அவள் கையால் போட்ட சோற்றை வேண்டாமென்று சொன்னது அதுதான் முதல் தடவை. இரண்டு பேருக்கும் அது தெரிந்தது.

மறுநாள் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன், அவளும் அதே மாத்திரையை இன்னும் விழுங்கிக்கொண்டிருந்தாளே. அவளுக்கும் குறைத்துக் குறைத்து நிறுத்தச் சீட்டு எழுதினார்கள். வீடு வந்ததும் அவள் நேரே பக்கத்து வீட்டுக்குப் போனாள். தன்னைக் குற்றவாளி மாதிரிக் கூண்டில் ஏற்றிவிட்டான் என்று அங்கே சொல்லி அழுதாளாம்.

6

திரும்பி வந்ததும் மாலதியிடம் கேட்டேன். போனில் கேட்க மனசு வரவில்லை. அவள் மறுக்கவில்லை. நான் ஊருக்குக் கிளம்பிய நாளிலிருந்தே பதிலைத் தயார் செய்து வைத்திருந்தவள் போலப் பேசினாள்.

"மாத்திரைன்னு தெரியும். அதாலதான் தலை சுத்துதுன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா டாக்டர்கிட்ட நானே சொல்லியிருப்பேன்."

"அந்தம்மா கேட்டப்பல்லாம் பக்கத்துலதான உட்கார்ந்திருந்த?"

"நீங்க இல்லன்னு சொன்னப்புறம் நான் எப்படிங்க ஆமான்னு சொல்றது?"

"மூணு வருஷம், மாலதி."

"அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் நீங்க எப்படி இருந்தீங்கன்னு உங்களுக்கு நெனப்பு இருக்கா? தட்டத் தூக்கிச் சுவத்துல அடிச்சீங்க. பேசினா தப்பு, பேசலன்னா தப்பு. நித்யா படிக்கறதுக்கு மட்டும் லியோன் போகல. அந்த மூணாவது பாட்டில் வந்தப்புறம்தான் நீங்க இந்த வீட்டுல மறுபடியும் சிரிச்சீங்க. அதுல என்னா இருக்குன்னு நான் கேக்க விரும்பல."

தட்டு எனக்கு நினைவிருக்கிறது. நித்யா போன காரணம் அதுவரை தெரியாது. அவள் சொன்னதில் பொய் இருப்பதாக நினைக்கவில்லை. ஆனாலும் என் நெஞ்சு ஆறவில்லை. முத்தியால்பேட்டையில் ஒருத்தி இடித்தாள், இங்கே ஒருத்தி தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தாள், நடுவில் ஏழெட்டுப் பேர் அதைப் பெட்டியில் சுமந்து வந்தார்கள். என் உடம்புக்குள் என்ன போகிறதென்று விழுங்கிய எனக்குத் தெரியவில்லை. என் சிரிப்புகூட என்னுடையது இல்லை என்றல்லவா ஆகிவிட்டது? அன்பால் செய்தார்கள் என்கிறீர்களா? இருக்கட்டும். ஏமாந்தவனுக்கு அதனால் வலி குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

நித்யாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். நான்தான் அன்றைக்கே சொன்னேனே என்று குத்திக்காட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ, "அத்தைக்கு எப்படி இருக்கு?" என்று தமிழில் கேட்டாள்.

7

டாக்டரம்மா சொன்னபடி, வேலையில் வந்த நோய் என்று பதிவு கேட்டிருந்த அலுவலகத்துக்குத் திருத்தக் கடிதம் எழுதினேன். முன்பு சொன்னது தவறு, வேறொரு மருந்து சாப்பிட்டுவந்தேன், உறையில்லாமல் உதிரியாக வாங்கியது, பெயர் தெரியாது. பெயர் தெரியாது என்று எழுத ஒரு மணி நேரம் ஆனது. பதில் இன்னும் வரவில்லை.

தலை இப்போது அவ்வளவாகச் சுற்றுவதில்லை. முகத்தின் உப்பல் வடிந்து, கன்னம் ஒட்டி, வயதுக்குரிய ஆளாகத் தெரிகிறேன். முட்டி வலிக்கிறது. வலிக்கட்டும், அது என் வலி. மாலதி காலையில் மாத்திரையைத் தட்டில் வைக்கும்போது, அது வந்த அட்டையையும் பக்கத்தில் மருந்தின் பெயர் தெரியும்படி வைக்கிறாள். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்த பிறகுதான் விழுங்குகிறேன். அவள் அதைப் பார்க்காத மாதிரி காப்பி கலக்குகிறாள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் தினம் இதைச் செய்கிறோம்.

போன வாரம் ஊரிலிருந்து ஒருவர் வந்தார். நான் கேட்காமலே அக்கா அனுப்பியிருந்தாள். அதே பழைய காப்பித்தூள் பாட்டில். இந்த முறை அதன் மேல் காகிதம் ஒட்டியிருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன அவளுடைய கோணல் எழுத்து: 'பருப்புப் பொடி. துவரம்பருப்பு, பொட்டுக்கடலை, மிளகாய், பூண்டு, பெருங்காயம், உப்பு. வேறு ஒன்றும் இல்லை.'

அந்தக் கடைசி வரியை நானும் ஒரு விண்ணப்பக் கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மாலதி சுடுசோறு போட்டு, நெய் ஊற்றி, பாட்டிலைத் திறக்கட்டுமா என்று கண்ணாலேயே கேட்டாள். காகிதத்தை இன்னொரு முறை படித்தேன். பிறகு ரசத்தை ஊற்றச் சொன்னேன். பாட்டில் இன்னும் அலமாரியில், எழுத்து வெளியே தெரியும்படி, மூடி திறக்காமல் இருக்கிறது.